பனிவெளியில் கழற்றக் கூடாத கண்ணாடி

வெல்டிங் பட்டறையில் தொழில் பழகும் பையன்களுக்கு இந்த வேதனை தெரியும். பகலில் முகமூடி இல்லாமல் நாலைந்து முறை வெல்டிங் ஒளியைப் பார்த்திருப்பார்கள். அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. ராத்திரி படுத்த பிறகு, ஒரு பிடி மணலைக் கண்ணுக்குள் போட்டுத் தேய்த்தது போல எரியத் தொடங்கும். கண்ணீர் நிற்காது, விளக்கைப் பார்க்க முடியாது. காஷ்மீரின் குல்மார்க்கிலோ ஆல்ப்ஸ் மலையிலோ முதல் நாள் பனிச்சறுக்கு முடித்து, படங்களை ஊருக்கு அனுப்பிவிட்டுச் சந்தோஷமாகப் படுப்பவருக்கும் நள்ளிரவில் இதே எரிச்சல் வரலாம். இரண்டும் ஒரே நோய். மருத்துவர்கள் ஃபோட்டோகெராடைட்டிஸ் என்பார்கள். பனியில் வந்தால் பனிக்குருடு. புற ஊதாக் கதிர் கருவிழியின் மேற்படலத்தைச் சுட்டுவிடுகிறது. சுட்ட வேளையில் வலிப்பதில்லை. 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் வலி தொடங்குகிறது. பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் ஆறிவிடும். ஆனால் நான்கு நாள் பயணத்தில் இரண்டு நாள் இருட்டறையில் போய்விடும்.

அடுப்புச் சூடு பட்டால் கை தானே பின்வாங்கிக்கொள்ளும். கண்ணுக்கு அந்த வசதி இல்லாததால், மலைக்குப் போகும் முன்பே நாம்தான் யோசித்து ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

எந்தக் கண்ணாடி வாங்குவது என்று கேட்டால் ஆளுக்கொரு விடை வரும். நல்ல கூலிங் கிளாஸ் போதும் என்பார் ஒருவர். போலரைஸ்டு லென்ஸ் இல்லாமல் போகவே கூடாது என்பார் இன்னொருவர். வெயிலுக்கு ஒன்று, மூட்டத்துக்கு ஒன்று என இரண்டு லென்ஸ் கட்டாயம் என்பவர்களும் உண்டு. இந்த விடைகளைப் பார்ப்பதற்கு முன் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: முதல் முறை போகிறவருக்கு, காலை முதல் மாலை வரை கழற்றத் தோன்றாத கண்ணாடியே நல்ல கண்ணாடி. நிறமும் விலையும் நிறுவனத்தின் பெயரும் அதற்குப் பிறகுதான்.

காலடியில் ஒரு சூரியன்

கத்திரி வெயிலில் வளர்ந்த நமக்கு ஒரு நம்பிக்கை உண்டு. பிப்ரவரிக் குளிரில், உறைபனியில், என்ன பெரிய வெயில் இருந்துவிடப் போகிறது? நம் ஊர் வெயில் கடுமையானதுதான், ஆனால் அது தலைக்கு மேலிருந்து வருகிறது. புருவமும் இமையும் கண்ணுக்குத் தாழ்வாரம் போல் நிற்கின்றன. நெற்றியில் கை வைத்தால் நிழல் கிடைக்கிறது. தரையிலிருந்து திரும்பி வருவது கொஞ்சம். உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்குப்படி, புல்லும் மண்ணும் தம்மேல் விழும் புற ஊதாக் கதிரில் 10 சதவீதத்துக்கும் குறைவாகவே திருப்பி அனுப்புகின்றன. காய்ந்த கடற்கரை மணல் சுமார் 15 சதவீதம், அலை நுரை சுமார் 25 சதவீதம். புதிதாக விழுந்த பனி 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். பனிவெளியில் நிற்பவருக்குக் காலடியில் இன்னொரு சூரியன் இருக்கிறது. தொப்பி விளிம்பும் நெற்றியில் வைத்த கையும் அதை மறைக்காது.

உயரமும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். குல்மார்க் புல்வெளி சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கோண்டோலா என்று எல்லோரும் அழைக்கும் கேபிள் கார் முதலில் கோங்டூரிக்கும், பிறகு அஃபர்வத் மலைத்தோளுக்கும் ஏறுகிறது; மேல்நிலையம் ஏறத்தாழ 3,950 மீட்டரில். ஆல்ப்ஸ் மலைகள் 46 பாகை வட அட்சரேகையை ஒட்டியிருக்க, குல்மார்க் 34 பாகையில் இருக்கிறது. அதே பிப்ரவரி நாளில் காஷ்மீரில் சூரியன் இன்னும் உயரத்தில் நிற்கும். ஐரோப்பியப் பனிக்காக எழுதப்பட்ட ஆலோசனைகளைப் படித்துவிட்டு இங்கே வருகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். மேகம் காப்பாற்றும் என்றும் எண்ண வேண்டாம். மெல்லிய மேகத்தினூடே புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை இறங்கிவிடும்.

நார்ட்டன் கழற்றியது

1924 ஜூன் 4 அன்று எட்வர்ட் நார்ட்டனும் ஹோவர்ட் சோமர்வெல்லும் ஆக்சிஜன் உருளை இல்லாமல் எவரெஸ்டின் வடபுறத்தில் ஏறிக்கொண்டிருந்தார்கள். தொண்டை நோவால் சோமர்வெல் நின்றுவிட, நார்ட்டன் தனியே 8,573 மீட்டர் வரை சென்று திரும்பினார். அவரிடம் பனிக்கண்ணாடி இருந்தது. பாறையில்தானே நடக்கிறோம், கால் வைக்கும் இடம் தெளிவாகத் தெரியட்டும் என்று அதைக் கழற்றினார். அன்றிரவு கண்ணில் வலியோடு விழித்தவருக்குச் சுமார் 60 மணி நேரம் பார்வை இல்லை. ஜூன் 6 அன்று அதே குழுவின் மல்லோரியும் இர்வினும் திரும்பி வராத அந்த உச்சிப் பயணத்துக்குக் கிளம்பியபோது, குழுத்தலைவரான நார்ட்டன் அவர்களைக் கண்ணால் பார்க்காமலே வழியனுப்பினார். 1999இல் மல்லோரியின் உடல் கிடைத்தது. அவருடைய கண்ணாடி சட்டைப்பைக்குள் இருந்தது. பொழுது சாய்ந்த பிறகு இறங்கியிருப்பார் என்று அதைக் கொண்டு ஊகிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அன்று நார்ட்டனோடு ஏறிய சோமர்வெல் நமக்கு அந்நியர் இல்லை. 1922 எவரெஸ்ட் முயற்சிக்குப் பின் இந்தியாவைச் சுற்றி வந்தபோது, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர் மருத்துவமனையில் குவிந்திருந்த நோயாளிகளைக் கண்டு அங்கேயே பணிபுரிய முடிவு செய்த அறுவை மருத்துவர் அவர். பிற்காலத்தில் வேலூர் சி.எம்.சி.யிலும் பணியாற்றினார்.

நார்ட்டன் கதையை நான் நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. அவர் கண் நொந்தது கண்ணாடி இல்லாததால் இல்லை. இருந்த கண்ணாடி இடைஞ்சலாகத் தோன்றியது, கழற்றினார். அத்தனை அனுபவசாலிக்கே அப்படித் தோன்றியது என்றால், முதல் நாள் சறுக்குகிறவருக்குத் தோன்றாமல் இருக்குமா? ஆகவே ஒருவர் எப்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றுகிறார் என்று கேட்பதே தேர்வுக்குச் சரியான தொடக்கம். உள்ளே ஆவி படிந்தால் கழற்றுவார். மூக்கை அழுத்தினால் கழற்றுவார். மூட்டத்தில் இருட்டாகத் தெரிந்தால் கழற்றுவார். மூக்குக்கண்ணாடியோடு முட்டினாலும் கழற்றுவார்.

ஆர்க்டிக் பனியிலேயே வாழும் இன்யூட் மக்கள் இதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தீர்த்துவிட்டார்கள். மரம், கரிபூ மானின் கொம்பு, வால்ரஸ் தந்தம் இவற்றில் முகத்துக்கு ஒட்டும்படி கவசம் செதுக்கி, குறுக்கே மெல்லிய கீற்று மட்டும் விட்டார்கள். மேலிருந்தும் கீழிருந்தும் வரும் ஒளி தடைபடும். லென்ஸே இல்லாததால் ஆவி படிய இடமில்லை. லென்ஸ் வைத்த கண்ணாடியில் ஆவிச் சிக்கலுக்கு விடை வந்தது 1960களில். பாப் ஸ்மித் என்ற அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர், புதுப்பனியில் சறுக்கும்போது கண்ணாடி மங்குவதைப் பொறுக்காமல், இரண்டு லென்ஸ்களை நடுவில் காற்று இருக்கும்படி ஒட்டி, காற்றுத் துளைகளில் ஃபோம் வைத்தார். 1965இல் பிறந்த ஸ்மித் நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். இன்றைக்குக் கடையில் தொங்கும் நல்ல சறுக்குக் கண்ணாடி எல்லாமே அடிப்படையில் அந்த இரட்டை லென்ஸ்தான்.

கூலிங் கிளாஸ் போதுமா

காற்றில்லாத வெயில் நாளில், பக்கவாட்டையும் மூடும் நல்ல கூலிங் கிளாஸ் கண்ணைக் காக்கும். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் முதல் முறை சறுக்குகிறவர் விழுவார், திரும்பத் திரும்ப விழுவார். கூலிங் கிளாஸ் பறந்து பனிக்குள் புதையும். இல்லாவிட்டால் அதன் கடினமான சட்டம் கன்னத்தில் இடிக்கும். அதன் காதுக்கம்பி ஹெல்மெட்டுக்குள் அழுத்தி வலிக்கும். வேகம் கூடினால் குளிர்காற்று ஓரத்தில் புகுந்து கண்ணீர் வரவழைக்கும், கீழிருந்து வரும் எதிரொளியும் அதே இடைவெளி வழியாக நுழையும். வளையும் சட்டமும் முகத்தில் பதியும் ஃபோமும் அகலப் பட்டையும் உள்ள ஸ்கீ காகிள்ஸ் இந்தக் குறைகளுக்காகவே உருவானது. சறுக்கும்போது காகிள்ஸ், சாப்பாட்டு நேரத்திலும் நடக்கும்போதும் கூலிங் கிளாஸ் என்று இரண்டையும் வைத்துக்கொள்வதே என் பரிந்துரை.

இரண்டிலும் 'யு.வி. 400' என்ற குறிப்பு இருக்க வேண்டும். 400 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்பது அதன் பொருள். கறுப்பாக இருந்தால் புற ஊதா நிற்கும் என்பது பரவலான தவறு. காகிள்ஸ் லென்ஸ் செய்யும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக், நிறமே இல்லாமல் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தாலும் அந்தக் கதிரை ஏறத்தாழ முழுக்கத் தடுத்துவிடும். மறுபுறம், தடுப்பில்லாத கறுப்பு லென்ஸ் மோசமானது. இருட்டை நம்பிக் கண்ணின் பாவை விரியும், கதிர் அதிகமாக உள்ளே போகும். நடைபாதையில் வாங்கியதைப் பனிக்கு எடுத்துப் போக வேண்டாம். காகிள்ஸ் பட்டையிலோ பெட்டியிலோ சி.இ. முத்திரையும், இ.என். 174 அல்லது அதன் இடத்துக்கு வந்த ஐ.எஸ்.ஓ. 18527-1 என்ற தர எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்கத் தயாரிப்பாக இருந்தால் ஏ.எஸ்.டி.எம். எஃப்659.

நிறத்தைப் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள்

கடையில் நீலம், பொன், சிவப்பு என மின்னுவது பெரும்பாலும் வெளிப்பூச்சு. உள்ளே எவ்வளவு ஒளி போகிறது என்பதை அது சொல்லாது. சொல்வது எஸ் எண். எஸ்0 லென்ஸ் 80 சதவீதத்துக்கு மேல் ஒளியை விடும். அது இரவுச் சறுக்குக்கு. எஸ்1 லென்ஸ் 43 முதல் 80 சதவீதம், எஸ்2 18 முதல் 43, எஸ்3 8 முதல் 18, எஸ்4 3 முதல் 8. எஸ்4 பனியாறுகளுக்கும் மிக உயர்ந்த மலைகளுக்கும் உரியது, அதை அணிந்து வண்டி ஓட்டக் கூடாது.

வெயிலுக்கு ஏற்ற லென்ஸைத் தேர்வது எளிது. கடினமான நாள் மூட்டமான நாள். மேகம் கவிந்தால் ஒளி எல்லாத் திசையிலிருந்தும் சமமாக வரும். எந்த மேட்டுக்கும் நிழல் விழாது. வானமும் தரையும் ஒரே வெள்ளையாகிவிடும். நிற்கிறோமா நகர்கிறோமா என்பதே சில கணம் புரியாது. காலுக்கடியில் இருந்த சின்னப் பள்ளம், விழுந்த பிறகுதான் தெரியும். புதியவருக்கு அடிபடுவதற்கு வெயிலைவிட இந்த வெளிச்சமே ஏதுவானது. அதில் எஸ்3 லென்ஸ் போட்டிருந்தால் சுவரைப் பார்ப்பது போலத்தான். கழற்றிவிடத் தோன்றும், மேகத்தினூடே புற ஊதா இறங்கிக்கொண்டேயிருக்கும்.

மஞ்சள், ஆம்பர், ரோஜா நிற லென்ஸ்கள் சிதறிய நீல ஒளியைக் குறைத்து மேடுபள்ளத்தைச் சற்று எடுத்துக்காட்டும். சற்றுத்தான். இல்லாத நிழலை எந்த லென்ஸும் உண்டாக்காது. அப்படிப்பட்ட நாளில் மரங்கள் ஓரமாகச் சறுக்குவது விலையுயர்ந்த லென்ஸைவிட உதவும், கண்ணுக்குப் பிடிமானம் கிடைக்கும். குல்மார்க் புல்வெளியைச் சுற்றி ஊசியிலை மரங்கள் அடர்ந்திருப்பது அந்த வகையில் புதியவர்களுக்கு வாய்ப்பான அமைப்பு. மரமே இல்லாத அஃபர்வத் சரிவு தேர்ந்தவர்களுக்கு உரியது. முதல் பயணத்தில் அங்கே சறுக்க நினைக்கவே வேண்டாம்.

ஒரே ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும் என்றால் ஆம்பர் அல்லது ரோஜா சாயலுள்ள எஸ்2 வாங்குங்கள். உச்சி வெயிலில் கொஞ்சம் கூசும், மூட்டத்தில் கொஞ்சம் இருட்டாகும். இரண்டிலும் கழற்றத் தோன்றாது. பணம் இருந்தால் எஸ்1, எஸ்3 என்று இரண்டு லென்ஸை மாற்றிப் பொருத்தும் காகிள்ஸ் இன்னும் நல்லது. காந்தத்தில் ஒட்டும் வகைகள் வந்த பிறகு மாற்றுவது சுலபமாகிவிட்டது. ஆனால் அதை அறையில் வானத்தைப் பார்த்துவிட்டுக் காலையிலேயே மாற்றிவிட வேண்டும். விறைத்த விரலோடு சரிவில் நின்று மாற்றினால் லென்ஸ் கீழே விழும், உட்புறத்தில் விரல்தடம் படியும்.

வெளிச்சத்துக்கேற்பத் தானே நிறம் மாறும் ஃபோட்டோகுரோமிக் லென்ஸ், குளிரில் அதிகமாகக் கறுத்து மெதுவாகத் தெளியும். வெயிலிலிருந்து சட்டென்று மரநிழலுக்குள் நுழையும்போது அந்தத் தாமதம் இடைஞ்சல். போலரைஸ்டு லென்ஸ் நீர்ப்பரப்பில் தரும் பயனைப் பனியில் தராது, ஏனென்றால் பனி ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கிறது. இறுகிய பனிப்பாளத்தைக் காட்டிக்கொடுக்கும் பளபளப்பையும் அது குறைத்துவிடும். முதல் பயணத்துக்கு இரண்டுமே தேவையில்லை என்பது என் கருத்து.

ஆவியும் வியர்வையும்

தேர்ந்த சறுக்குவீரரைவிடப் புதியவருக்குத்தான் ஆவித்தொல்லை அதிகம். அவர் வேகமாகப் போவதில்லை, ஆகவே காற்றுத்துளை வழியே காற்று ஓடுவதில்லை. விழுந்து எழுந்து, கழன்ற ஸ்கீயைத் தேடி, பக்கவாட்டில் அடி வைத்து மேடேறி வியர்த்துக் கொட்டுகிறார். அந்த வெப்ப ஈரம் குளிர்ந்த லென்ஸைத் தொட்டதும் நீராகிறது. காலையில் ஐஸ் தண்ணீர் டம்ளர் வியர்ப்பது போலத்தான். இரட்டை லென்ஸில் நடுவிலுள்ள காற்று குளிரைத் தடுத்து, உள் லென்ஸை இதமாக வைக்கிறது. ஒற்றை லென்ஸ் காகிள்ஸ் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

பயன்படுத்தும் விதமும் முக்கியம். ஓய்வெடுக்கும்போது காகிள்ஸை நெற்றிக்கு ஏற்றுவது பார்க்க அழகாக இருக்கும். வியர்த்த நெற்றியின் ஆவி முழுக்க லென்ஸுக்குள் போய்விடும். முகத்திலேயே இருக்கட்டும். கழுத்துத் துணியைக் காகிள்ஸுக்குள் சொருகினால் மூச்சு மேலேறி லென்ஸ் மங்கும். மூக்குக்குக் கீழே நிறுத்துங்கள். விழுந்து உள்ளே பனி புகுந்தால் உதறுங்கள், மென்துணியால் ஒற்றுங்கள். தேய்த்தால் ஆவி படியாமலிருக்கப் பூசிய உட்பூச்சு உரிந்துவிடும். இரவில் அறையில் ஆற வையுங்கள். காஷ்மீர் விடுதிகளில் எரியும் புகாரி அடுப்பின் பக்கத்தில் காயவைத்தால் லென்ஸின் ஒட்டு விட்டுவிடும்.

முகம், ஹெல்மெட், மூக்குக்கண்ணாடி

பட்டையை மாட்டாமல் காகிள்ஸை முகத்தில் வைத்து லேசாக அழுத்திப் பாருங்கள். நெற்றியிலும் கன்னத்திலும் ஃபோம் சீராகப் பதிய வேண்டும். மூக்கருகே வெளிச்சம் கசியக் கூடாது, மூச்சு விடவும் தடை இருக்கக் கூடாது. பத்து நிமிடம் போட்டுக்கொண்டே கடையில் நில்லுங்கள். ஓரிடத்தில் உறுத்தினால் சரிவில் அது வலியாகும். ஹெல்மெட்டைப் பெரும்பாலோர் அங்கே போய் வாடகைக்குத்தான் எடுப்பார்கள். அப்படியானால் உங்கள் காகிள்ஸை மாட்டிக்கொண்டே ஹெல்மெட்டைத் தேர்ந்தெடுங்கள். இரண்டுக்கும் நடுவே நெற்றி வெளியே தெரிந்தால் குளிர்காற்றில் தலைவலிக்கும். ஹெல்மெட் காகிள்ஸை மூக்கின் மேல் அமுக்கினாலும் கூடாது. ஸ்கீ, பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் வாடகைக்குச் சரி. காகிள்ஸ் மட்டும் சொந்தமாக இருக்கட்டும். பலர் போட்டுக் கீறிய லென்ஸும் தேய்ந்த ஃபோமும் மூட்டத்தில் உதவாது.

மூக்குக்கண்ணாடி அணிகிறவர்களுக்கு, அதன் மேலேயே போடக்கூடிய ஆழமான காகிள்ஸ் தனியாக வருகிறது. காதுக்கம்பி நுழைய ஃபோமில் வெட்டு இருக்கும். உங்கள் மூக்குக்கண்ணாடியை எடுத்துப்போய்ப் போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். சட்டம் சிறியதாக, லென்ஸ் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். உண்மைக் கண்ணாடி லென்ஸ் விழும்போது ஆபத்து. உள்ளேயும் ஆவி படியும் என்பதால் ஆவித்தடுப்புத் திரவத்தை அதற்கும் பூசுங்கள். ஒருநாள் அணிந்து எறியும் கான்டாக்ட் லென்ஸ் பழக்கமிருந்தால் அதுவே எல்லாவற்றிலும் எளிது. மாற்று மூக்குக்கண்ணாடி பையில் இருந்தால் போதும். படிப்பதற்கு மட்டும் கண்ணாடி போடுகிறவர்கள் இதில் கவலைப்பட வேண்டியதில்லை.

சுவிட்சர்லாந்தில் வாழும் ஈழத்தமிழர் வீடுகளில் இந்தக் கேள்வி பிள்ளைகள் வழியாக வருகிறது. பள்ளியில் ஸ்கீலாகர் என்ற பனிச்சறுக்கு முகாம். பெற்றோரில் பலர் ஒருநாளும் சறுக்கியதில்லை. பெரியவர் காகிள்ஸின் பட்டையை இறுக்கிப் பிள்ளைக்கு மாட்டினால் கன்னத்தின் இரு பக்கமும் இடைவெளி விழும். பிள்ளைகளின் விழி லென்ஸ் தெளிவானது, பெரியவர்களின் கண்ணைவிட அதிகப் புற ஊதாவை உள்ளே விடும். அதனால் அவர்களுக்குச் சரியான அளவு இன்னும் அவசியம். வளரும் வயதில் ஆண்டுதோறும் புதிது வாங்க முடியாதவர்கள் பழையதை வாங்கலாம். இரண்டு லென்ஸுக்கும் நடுவே ஈரக்கறை இல்லாமலும் ஃபோம் பொடியாமலும் இருந்தால் போதும்.

எல்லாம் செய்தும் இரவில் கண் எரிந்தால், தேய்க்காதீர்கள். கான்டாக்ட் லென்ஸை எடுத்துவிட்டு, இருட்டறையில் குளிர்ந்த ஈரத்துணியைக் கண்ணின் மேல் போட்டுப் படுங்கள், மருத்துவரைப் பாருங்கள். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை நீங்களாக வாங்கித் திரும்பத் திரும்ப விடுவது கருவிழியைக் கெடுக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். குல்மார்க் கோண்டோலாவில் ஏறுகிறவர்களில் நிறையப் பேர் சறுக்கப் போகிறவர்கள் இல்லை. பனியைப் பார்க்க வந்த அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி, கைக்குழந்தையோடு வந்தவர்கள். சறுக்குகிற பிள்ளைக்குக் காகிள்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு, அவர்கள் வெறுங்கண்ணோடு 3,950 மீட்டரில் இரண்டு மணி நேரம் பனியைப் பார்த்தபடி நிற்பார்கள். காகிள்ஸ் வாங்கும் அன்றைக்கே அவர்களுக்கும் பக்கவாட்டை மூடும் யு.வி. 400 கூலிங் கிளாஸ் ஆளுக்கொன்று வாங்கிவிடுங்கள். சின்னக் குழந்தைகளுக்குப் பின்பக்கம் கட்டும் பட்டை வைத்ததைக் கேட்டு வாங்குங்கள்.